சாட்டின பிறகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எழுதினால் என் பொய்யும் வெளியே வருமே என்ற வெட்கந்தான்.

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதி பார்த்து அர்த்தம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘சாட்டுதல்’ என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னவென்று தெரியும். திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னே, ஆட்கள் குடியிருக்கும் லயம் ஒவ்வொன்றுக்கும் போய்த் தப்படித்து, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டப்போகிறோம் என்று கூவுவது அது. சொன்னதை மாற்றிச் சொல்லலாம். சாட்டினதை மாற்ற முடியாது. அந்தச் சத்தம் காதில் விழுந்தவர், திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

அந்த வருஷம் பொழுது சாயும் நேரம், தூறலில் சாட்டினோம். தப்புக்காரர் முன்னே அடித்துப் போக, நான் விளக்கும் வேப்பிலையுமாகப் பின்னால் போனேன். ஆற்றோரத்துப் பழைய லயத்தில் ஒரு விதவை அக்கா மட்டும் இருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் மருமகன் தெரணியகலைப் பக்கமிருந்து வந்தான். சாட்டியிருப்பது தெரிந்து, தோட்டத்து எல்லையான பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்று ஆள் விட்டான். மகளுக்குத் தலைப்பிரசவமாம். இரண்டு நாளாக வலி, அம்மாவையே கேட்கிறாளாம்.

கோயில் முன்னால் கூடினோம். அவளைப் போகவிட்டால் தோட்டத்துக்கே அம்மை வரும் என்றார்கள் சிலர். பெரிய கங்காணி அவளிடம், “தப்புச் சத்தம் கேட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு” என்றார். கேட்கவில்லை என்றால் அவளுக்குக் கட்டு இல்லை. அம்மன் சந்நிதியில் அவளுக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்து அழுதாள்.

தள்ளி நின்ற தப்புக்காரர் பேசினார்.

“அந்த லயத்துக்கு நான் போகலைங்க சாமி. தப்பு நனைஞ்சு போச்சுன்னு பாதியில திரும்பிட்டேன்.”

“தப்பு நனைஞ்சுச்சா, தொண்டை நனைஞ்சுச்சா?” என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

கங்காணி என் பக்கம் திரும்பினார். “நீயும் கூடத்தானே போன?”

கடைசிவரை போனோம் என்றால் அவள் போக முடியாது. பாதியில் திரும்பினோம் என்றால் குற்றத்தில் எனக்கும் பங்கு வரும்.

“வெளக்கு அணைஞ்சிருச்சுங்க. நான் முன்னாடியே வந்துட்டேன்” என்றேன்.

அவள் பாலத்தைத் தாண்டி ஓடினாள். மகளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. தப்புக்காரரைக் கோயில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பலாங்கொடைப் பக்கமிருந்து வேறு ஆள் வந்து அடித்தார். திருவிழாவன்று இவர் வெறுங்கையோடு ஓரத்தில் நின்றார். என்னைக் கண்டதும் எப்போதும்போல் கும்பிட்டார். நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் காதில் விழுந்தது அம்மனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த வருஷம் அம்மை வரவில்லை. சாட்டினதை மாற்ற எங்களால்தான் முடியாது, அம்மனால் முடியும் என்று இப்போது நினைக்கிறேன்.

தப்புக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் இன்னும் அவரைப் ‘பாதிச் சாட்டுக்காரன்’ என்றுதான் கேலி பேசுகிறார்கள். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், என்னைக் காப்பாற்றாமல் சொல்லுங்கள். அவர் ஒரு லயம் விடாமல் சாட்டினார். நான் கூடவே போனேன்.