சின்னத் தழும்புக்காரி

மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசி மாதம். விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டில், தலைமுடியெல்லாம் கொட்டி, வாய் புண்ணாகிப் படுத்துக் கிடந்தேன். அடுத்த தெருக்காரி ஒருத்தி தலை நிறையப் பிச்சிப்பூவோடு ஜன்னலைத் தாண்டிப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில்தான் சினைப்பையில் கட்டி வந்தது. எனக்குத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கட்டி புற்றுநோய் என்று தெரிந்ததும் கர்ப்பப்பையையும் எடுத்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு, நெறிக்கட்டி என்று ஒன்று விடாமல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை தையல். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த அந்தச் சவ்வில் கடுகளவு நோய் இருந்ததாம். ஆறு தடவை மருந்து ஏற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு வந்த ரிப்போர்ட்டில் அதுவும் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம்தான், எடுத்தாச்சு என்று அனுப்பிவிட்டார்கள்.

"அவளுக்கு மட்டும் சாமி தனியாப் படி அளக்குதோ?" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். மூன்றாவது மருந்துக்குப் போகவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். குறித்த நாளும் தாண்டிப் போனது.

அந்த வாரம் அவள் வீட்டுக்கே வந்தாள். பூவைக் காட்டத்தான் வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதினி, ஒங்க டாக்டரம்மாட்ட இதக் காமிச்சேன். கட்டிய மட்டுந்தான் பாத்திருக்காவ, வேற எங்கயும் பரவிருக்கான்னு யாருமே பாக்கலையாம். திரும்ப வயித்தத் தொறக்கணுங்காவ."

என் தழும்பைக் காட்டச் சொன்னாள். கூச்சத்தோடு காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது. பொறாமையா இருக்கு மதினி."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் ஆபரேஷனுக்கு, நான் மருந்துக்கு.

அவளுக்கு வேறெங்கும் இல்லை என்று முடிவு வந்தது. மருந்தும் வேண்டாம் என்றார்கள். பொய் சொல்லமாட்டேன், அப்போதும் ஒரு நிமிஷம் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இப்போதெல்லாம் குளிக்கும்போது அந்த நீளத் தழும்பில் கை பட்டால், போயும் போயும் இதற்கு ஒருத்தி ஏங்கினாளே என்று நினைத்துக்கொள்கிறேன்.