துணிக் கடைகள் பக்கத்தில் எங்கள் கடை இல்லை

எனக்குக் கோவையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனில், பெரிய சந்தைக்குப் பக்கத்தில் வாப்பாவுக்குத் துணிக்கடை. எதிரே இன்னொரு காரைக்கால்காரரின் துணிக்கடை. அவரை மாமா என்பேன். அவர் மகனுக்குத்தான் என் அக்காவை, லாத்தாவை, பேசி வைத்திருந்தார்கள். இரண்டு கடையிலும் தொலைபேசி உண்டு.

ஒருநாள் நோட்டும் பென்சிலுமாக ஒரு ஆள் வந்தார். கடைகளின் பெயரையும் நம்பரையும் தொழில்வாரியாகப் பிரித்துப் புத்தகம் போடப் போகிறார்களாம். நோட்டோடு யார் வந்தாலும் வாப்பாவுக்குக் கடைவரி நினைப்புதான். தான் சம்பளத்துக்கு இருப்பதாகச் சொல்லி, முதலாளி அங்கே என்று எதிர்க்கடைக்குக் கை காட்டினார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"இவனுவொகிட்ட வாயத் தொறக்கப்படாது புள்ளே" என்றார் பிறகு.

புத்தகம் வந்தது. துணிக் கடைகள் பக்கத்தில் மாமா கடை இருந்தது. எங்கள் கடை இல்லை. தையற்கடைக்காரர்களும் பிரெஞ்சு வீட்டுப் பெண்களும் அங்கேயே போன் போட்டார்கள். வாப்பா விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"என்னங்கனி, அவன் காதுல என்னத்த ஓதுனீரு? எங்க கடை எங்கே?"

"ஒங்க கடையயும் சேத்துத்தாங்கனி சொன்னேன்."

"சொல்லுவீரு! பட்டுத்துணி கிழிச்சுக் குடுத்து அனுப்பியிருப்பீரு."

"சம்மந்தி ஆவப்போறவரு பேசுற பேச்சா இது?"

"யாரு யாருக்குச் சம்மந்தி? இதோட விட்டுப்போச்சு."

விட்டுத்தான் போனது. லாத்தா மூன்று நாள் சோறு தொடவில்லை. வாப்பாவே கை காட்டி அனுப்பியதை நான் பார்த்தவள். உம்மாவிடம் சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காதோ என்னமோ. பயமும் கூச்சமுமாக வாயை மூடிக்கொண்டேன். லாத்தாவை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா மகன் பேச்சை அவள் பிறகு எடுத்ததே இல்லை.

ஆனாலும் மாமாவை நான் முழுக்க நம்பவில்லை. உண்மையிலேயே சொன்னாரா, வாப்பா வந்து கேட்டதும் அப்படிச் சொல்லிச் சமாளித்தாரா? வாப்பா மீது வருத்தம், அவர் மீது சந்தேகம். இப்போது எழுதும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. நாங்கள் அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்த்தோம். எங்களிடம் பட்டுதான் அதிகம். பட்டுக்கென்று அந்தப் புத்தகத்தில் தனிப் பக்கம் இருந்திருந்தால்?

பழைய புத்தகம் எங்காவது கிடைத்தால், பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது பட்டு வியாபாரிகள் பக்கத்தையும் ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கள்.