குட்டை லாரிக்கு நீள டிரெய்லர்

லாரிக்குப் பின்னால் டிரெய்லர் கோக்கிற தொழிலில், வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரன், நின்றால் மேஸ்திரி மடையன். எழுபதுகளில் தண்டையார்பேட்டையில் கொட்டகை போட்டிருந்த அந்த மேஸ்திரி நான்தான்.

ஃபிப்த் வீல் என்று இங்கிலீஷில் அதற்குப் பெரிய பெயர். சக்கரம் எங்கே என்று தேடாதீர்கள், கிடையாது. கிரீஸ் பூசிய கனமான இரும்புத் தட்டு, அவ்வளவுதான். அது லாரியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். டிரெய்லருக்கு அடியில் இருக்கிற முளை அதன் வாயில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் பிழைப்பு. புது பீரோ வாங்கி, அது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றவர்களுக்கு என் கஷ்டம் பாதி புரியும்.

எதை மாட்டுவது?

மைக்கேல் ராயபுரத்துக்காரன். பதினைந்து வருஷம் துறைமுகத்தில் யார் யாருடைய லாரியையோ ஓட்டினவன். ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றைப் பிடித்து, முதல் தடவையாகச் சொந்த வண்டிக்காரனாக என் கொட்டகைக்கு வந்தான். லாரி குட்டை. அவன் பிடித்த டிரெய்லரோ நீளம். எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபாக்டரிக்குத் துறைமுகத்திலிருந்து இரும்பு கொண்டுபோக ஆள் தேடினார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் வாசலில் வண்டியைத் திருப்பிக் காட்ட வேண்டும். திரும்பினால் வேலை அவனுக்கு. திரும்பாவிட்டால் மறுபடியும் இன்னொருத்தன் லாரிக்கு டிரைவர்.

குட்டை லாரியில் தட்டைப் பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்தால் இழுவை நன்றாக இருக்கும். ஆனால் வளைவில் டிரெய்லரின் முன்மூலை வந்து டிரைவர் உட்காரும் கேபினை இடிக்கும். பின்னால் தள்ளி வைத்தால் இடிக்காது. ஆனால் பாரம் ஏறினதும் லாரி மூக்கைத் தூக்கிவிடும், ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. மூன்றாவதாக, தண்டவாளம் மாதிரி இரண்டு சட்டம் போட்டு, தட்டை வேண்டும்போது முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்கிற மாதிரியும் செய்யலாம். அது சோம்பேறி மேஸ்திரி செய்கிற வேலை, சரியாக அளக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு என்பது அன்றைய என் கட்சி. மூன்றையும் மைக்கேலிடம் விளக்கினேன். தலையைச் சொறிந்துகொண்டான்.

"எனக்கு இன்னா தெரியும் மேஸ்திரி? உன் லாரியா இருந்தா எத்த மாட்டுவியோ, அத்த மாட்டு."

சிமெண்டுத் தரை

அந்த வட்டாரத்திலேயே மட்டம் பார்த்துச் சிமெண்டு போட்ட கொட்டகை என்னுடையது ஒன்றுதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. தரையில் சாக்பீஸால் லாரியை வரைவேன். முளை இருக்கிற இடத்தில் ஆணி அடித்துச் சணல் கயிறு கட்டி, டிரெய்லர் மூலை எவ்வளவு தூரம் சுற்றும் என்று கோடு இழுப்பேன். மைக்கேலின் லாரிக்கும் அப்படியே இழுத்தேன். கேபினுக்கும் மூலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி நின்றது. போதும் என்று அச்சுக்கு மேலேயே தட்டை வைத்து போல்ட்டு முடுக்கிவிட்டேன்.

பழைய இரும்புக்கடை காதர் பாய்தான் அந்தத் தட்டைத் தேடிக் கொடுத்தவர். வண்ணாரப்பேட்டையிலிருந்து பார்க்க வந்திருந்தார். நாலு விரலை வைத்துப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் கரீட்டாத்தான் கீது மேஸ்திரி. ரோடும் உன் தரை மாதிரியே இருந்துட்டா பேஜாரே இல்ல."

கேட்டில் மாட்டினோம்

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம். சர்ச் வாசலில் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். காதர் பாய் ஓதி ஊதினார். என் பங்குக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மூன்று சாமியும் கைவிடவில்லை, என் சணல் கயிறுதான் கைவிட்டது. திருவொற்றியூர் ரயில்வே கேட்டில், மேடு ஏறிக்கொண்டே வளைய வேண்டும். லாரியின் முன்பக்கம் மேட்டில் ஏறியதும் கேபின் பின்னால் சாய்ந்தது. டிரெய்லர் இன்னும் கீழே சமதரையில். நாலு விரல் இரண்டு விரலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போய், டிரெய்லர் மூலை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சட்டைக்குள் பூராவும் கண்ணாடித் தூள். என் கொட்டகையில் மேடு இல்லை. அதனால் உலகத்திலேயே மேடு இல்லை என்று அளந்திருக்கிறேன்!

முன்னால் போனால் இன்னும் இடிக்கும். பின்னால் ஐம்பது சைக்கிள், மீன்கூடை, ஒரு பஸ். கேட் கீப்பர் ரயில் வருகிற நேரம் என்று பச்சைக்கொடியை மடக்கிக்கொண்டு கத்துகிறார். திட்டிக்கொண்டேதான் என்றாலும் அத்தனை பேரும் ஒதுங்கி, பஸ்ஸையும் பின்னுக்கு வாங்கி, எங்களுக்கு இடம் விட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது, இன்றைக்கும் நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. மைக்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுத்தான். கூடையை இடுப்பில் வைத்திருந்த மீன்கார அம்மா ஒருத்தி உடைந்த கண்ணாடி வழியாக என்னை எட்டிப் பார்த்தாள்.

"லாரி பின்னாடி டிரெய்லர் வந்து பாத்துகீறேன். லாரிக்குள்ளாற வந்து இப்பத்தாம்பா பாக்குறேன்!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம்

கொட்டகைக்குத் திரும்பியதும், "தப்பு என்னுடையது" என்று மைக்கேலிடம் சொல்லிவிட்டேன். என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தான். இருப்பது ஒரே ஒரு நாள். இனி நகர்கிற தட்டுதான் வழி. சட்டத்துக்கு இரும்பு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யார் கடை திறப்பார்கள்? காதர் பாய் திறந்தார். என் ஆட்களுக்கு லீவு. மைக்கேல் காலைப் பூசை முடிந்த கையோடு, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வெல்டருக்குச் சர்ச் வேட்டியில் பொறி பட்டு ஓட்டை விழுந்தது. மனிதர் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சட்டம் போட்டுத் தட்டு நகர்ந்தது. வளைவுக்கு முன்னால் டிரைவர் இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற பூட்டுமுளையைப் பிடுங்கி, லாரியை ஒரு அடி முன்னால் எடுக்க வேண்டும். தட்டு பின்னால் போய் நிற்கும், பூட்டிவிட்டுத் தாராளமாக வளையலாம். வளைந்த பிறகு இதையே திருப்பிச் செய்தால் தட்டு அச்சுக்கு மேலே வந்துவிடும். "ஒவ்வொரு தபாவும் நான் எறங்கணுமா?" என்று மைக்கேல் இழுத்தான். காதர் பாய் விடவில்லை.

"நீ எறங்கலேன்னா டிரெய்லர் உன் சீட்டுக்கு வந்து குந்திக்கும். எது வசதின்னு நீயே சொல்லு தோஸ்து."

எண்ணூர் வாசல்

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். எங்களுக்கு முன்னால் வந்த நீள லாரி ஒன்று அந்தக் குறுகின வாசலில் நாலு தடவை முன்னும் பின்னும் போய்த் தடுமாறியது. மைக்கேல் நிதானமாக இறங்கினான், கட்டை வைத்தான், பூட்டுமுளையைப் பிடுங்கினான், தட்டைப் பின்னால் நகர்த்திப் பூட்டினான். ஒரே திருப்பு. வண்டி தண்ணீர் மாதிரி உள்ளே போயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு மறுபடியும் நின்றது. வண்டியைச் சுற்றிப் பார்த்த சூபர்வைசர் கேபினுக்குப் பின்னால் நின்றுவிட்டார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை அடித்த பலகை இருந்தது.

"இது என்னய்யா? டிரெய்லர் இடிச்சுதா? யார் ஃபிட்டிங்? எங்க மத்த வண்டிக்கும் ஆள் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். உண்மையைச் சொன்னால் என் பெயர் அந்த வாசலிலேயே முடிந்தது. சொல்ல மைக்கேலுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடி நான் ஒடச்சது சார், ரிவர்ஸ்ல. ஃபிட்டிங் நம்ம மேஸ்திரி. அவரு கை வெச்ச எடத்துல நான் கண்ண மூடிகினு ஓட்டுவேன்."

அடுத்த ஆறு வருஷம் அந்த ஃபாக்டரி வண்டிகள் எல்லாம் என் கொட்டகைக்குத்தான் வந்தன. முப்பது வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சர்ட்டிபிகேட் அந்தப் பொய்தான், அதைக் கண்ணாடி போட்டு மாட்டத்தான் வழியில்லை.