வாய்தா கேட்காத வக்கீலம்மா

எங்கள் வக்கீலம்மா பதினோரு வருடத் தொழிலில் ஒரு தடவைகூட வாய்தா கேட்டதில்லை. காய்ச்சலோடு வந்து வாதாடியிருக்கிறார். சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்று காலையில் ஒரு குறுக்கு விசாரணையை முடித்துவிட்டு ஓடியிருக்கிறார். வழக்கைத் தள்ளிப்போடுவது கட்சிக்காரருக்குச் செய்கிற துரோகம் என்பார். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு வாய்தா. அதையும் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டார். நான் அவருடைய குமாஸ்தா. வேண்டாம் என்று நான் ஜாடையாகச் சொல்லியும் பார்த்தேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வழக்கு ஒரு தையல்காரம்மாவுடையது. கணவர் இறந்ததும் கொழுந்தன், வீடு தன்னுடையது, காலி செய் என்று வழக்குப் போட்டிருந்தான். இரண்டே அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். தோற்றால் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில்தான் நிற்க வேண்டும்.

கொழுந்தனின் வக்கீலுக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. ஜெயித்தாலும் சிரிப்பார், நீதிபதி திட்டினாலும் சிரிப்பார். கோர்ட்டுக்குள் அவரும் எங்கள் அம்மாவும் கீரியும் பாம்பும். வெளியே வந்தால் கதையே வேறு. எந்த மனு போட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், 'ஐந்து மணிக்குக் காபி?' என்று பொடியாக எழுதி அனுப்புவார். அதை அழித்துவிட்டுத் தாக்கல் செய்வது என் வேலை. முப்பது வருட உத்தியோகத்தில் ரப்பர் வாங்கியே நான் அலுத்துப்போனது அந்த ஒரு வருடத்தில்தான்.

ஒரு நாள் சொல்லியே விட்டேன். "எதிர்த்தரப்பும்மா. பாத்துப் பழகுங்க."

"கோர்ட்டுலதான் எதிரி அண்ணே. வெளியில இல்ல," என்றார். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்த முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதற்குமேல் எப்படி வாயைத் திறப்பது?

தையல்காரம்மா சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், வக்கீலம்மாவின் அப்பா மாடிப்படியில் உருண்டு விழுந்தார். மறுநாள் காலையில் ஆபரேஷன். வக்கீலம்மா, நாளைக்கு வாய்தா கேட்கும்படி சிரிப்புக்குப் போனில் செய்தி அனுப்பினார். 'நீ அப்பாவைப் பார். வாய்தா நான் சொல்லி வாங்கிவிடுகிறேன்' என்று உடனே பதில் வந்தது. வர முடியாத வக்கீலுக்காக எதிர்த்தரப்பே எழுந்து வாய்தா கேட்பது எங்கள் கோர்ட்டில் தினமும் நடக்கிற மரியாதைதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

"நான் ஒரு எட்டு போய் மனு குடுத்துட்டு வந்துடறேனேம்மா."

"உங்க ரத்தம்தான் அப்பாவுக்குச் சேருது. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதான் அவர் சொல்லிட்டாரே." தையல்காரம்மாவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் படுத்துக்கொண்டு ரத்தம் கொடுத்த நேரத்தில் கோர்ட்டில் எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். சிரிப்பு எழுந்து, எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை, ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுங்கள் என்றான். ஆமாம், இனிமேல் 'அவன்'தான். பத்தே நிமிடத்தில் வீடு கைவிட்டுப் போனது.

அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். போட்டோம். விசாரணையன்று தையல்காரம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி அவனிடம் நேராகவே கேட்டார்: "உங்களை வாய்தா கேக்கச் சொன்னதா இவங்க சொல்றாங்க. சொன்னாங்களா?"

அவன் எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். "இல்லீங்க ஐயா. அப்படி எதுவும் சொல்லல."

அவன் போட்ட கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று போனில் அவன் அனுப்பிய பதிலைக் காட்டினால் அதற்கு மேலும் கீழும் இருப்பதெல்லாம் சந்திக்கு வந்துவிடும். மானத்துக்குப் பயந்து காட்டமாட்டார் என்ற தைரியம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, காட்டிவிடாதீர்கள் என்றுதான் நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வக்கீலம்மா போனை எடுத்து நீட்டினார். நீதிபதி அதை எழுத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கோர்ட் எழுத்தருக்குத் தெரியவில்லை. 'கண்ணு, தூங்கினாயா' என்பதில் தொடங்கி எல்லாவற்றையும், சொத்து விவரம் படிக்கிற அதே குரலில் படித்துக்கொண்டே போனார். வக்கீலம்மா தலையைக் குனியாமல் நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை.

தீர்ப்பு ரத்தானது. அவன்மேல் விசாரணைக்கும் உத்தரவானது. வழக்கு மறுபடி விட்ட இடத்திலிருந்து நடக்கும், அதுவரை வீட்டை யாரும் தொட முடியாது. வெளியே வராந்தாவில் தையல்காரம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்.

"வீட்டக் காப்பாத்திட்டீங்க. நல்லா இருங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் உங்ககிட்ட நம்பிச் சொன்னதுல ஏதாவது அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வக்கீலம்மா வாயைத் திறந்தார். பிறகு, ஒரு வருடத்துச் சாயங்காலங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவர் யோசிப்பதைத் தையல்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேஸ் கட்டக் குடுத்துடுங்கம்மா. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"அண்ணே," என்று வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "நான் எதுவும் சொல்லலதானே?"

எனக்கு எப்படித் தெரியும்?