இனம்: இந்தியா

என் மகளின் பிறப்புப் பத்திரத்தை அரபியில் மொழிபெயர்த்து அடித்துக்கொடுத்த டைப்பிங் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணில் பட்டதை அடித்தார். தகப்பன் பெயருக்குக் கீழே 'இந்தியா' என்று இருந்தது, தாய் பெயருக்குக் கீழேயும் அதேதான். எங்கள் மலேசியாவில் பத்திரங்களில் இனத்தை அப்படித்தான் எழுதுவார்கள். மலாயில் ஆளுக்கும் அதே சொல், நாட்டுக்கும் அதே சொல். அவர் நாடு என்று எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் இந்தியக் குடிமக்கள் ஆக்கிவிட்டார்.

அது 2007 கடைசி. ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். மூன்று வருடம் ஒண்டியாகக் கிடந்துவிட்டு, அஜ்மானில் சின்ன பிளாட் பிடித்து, மனைவியையும் ஆறு வயது மகளையும் விசிட் விசாவில் வரவழைத்திருந்தேன். குடும்ப விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் மலேசியா, மற்றதில் இந்தியா. "இதில் எது பொய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மலாய் படிக்கத் தெரிந்த ஒருவர் வியாழன் மதியம் ஒன்றரைக்குள் வந்து சாட்சி சொல்லவேண்டும், இல்லையென்றால் சந்தேகம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவேன் என்றார். விசிட் சனிக்கிழமையோடு முடிகிறது. அபுதாபியில் தூதரகக் கடிதம் வாங்க ஒரு வாரமாகும். கோப்பு மூடினால் என் மனைவியும் மகளும் விமானம் ஏறவேண்டியதுதான். சந்தேகம் என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு மறுபடி விசா கிடைக்குமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மலாயும் அரபியும் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். எங்கள் பட்டறையிலேயே பிளானிங் பிரிவில் இருந்த மலாய்க்காரன், கெய்ரோவில் படித்தவன். அவனோடு எனக்கு மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பட்டறையில் மலேசியர் நாங்கள் இரண்டே பேர். அவன் என்னைவிட இளையவன், என்னை 'பாங்' என்பான், மலாயில் அண்ணன். வெள்ளிக்கிழமை காலையில் அவன் அறையில் நாசி லெமாக், எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு. அதற்கு இறால் விழுது போட்ட பெலாச்சான் சம்பல் வதங்கும் வாடைக்குப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினால் நான்தான் போய்ச் சமாளிப்பேன். சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் பக்கம் 'பசியாறியாச்சா' என்போம். ராமநாதபுரத்து டிரைவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவன் அதைக் கற்றுக்கொண்டு தினமும் காலையில் "பசியாறியாச்சா, பாங்?" என்று என் மேஜைக்கே வந்து நிற்பான்.

எல்லாம் ஒரு மதியச் சாப்பாட்டில் கெட்டது. கேண்டீன் டிவியில் கோலாலம்பூர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தமிழ் ஜனங்கள் உரிமை கேட்டுத் தெருவில் கூடியிருந்தார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்துக்கொண்டிருந்தது. என் தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான், போன் எடுக்கவில்லை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிடிக்கலன்னா பாலிக் இந்தியா" என்றான். இந்தியாவுக்கே திரும்பிப் போ என்று அர்த்தம். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக் காது மரத்துப்போன பேச்சுதான், ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததை என்னால் தாங்கமுடியவில்லை. "உன் தாத்தா ஜாவாவிலிருந்து படகேறி வந்தவர்தானே, நீ எங்கே பாலிக்?" என்றேன். தாத்தா கதையை அவனேதான் ஒரு நாள் பிரியமாக எனக்குச் சொல்லியிருந்தான். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அப்படிச் சொன்னதற்கு நான் கொஞ்சமும் வருந்தவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"போயி அவருகிட்ட கேளுங்க லா."

"அவன் மூஞ்சிய நான் பாக்கமாட்டேன். வேற ஆள் இல்லாமலா போயிரும்?"

"யாரு இருக்கா, சொல்லுங்க. ரோசம் உங்களுக்கு, பிளேன் ஏறப்போறது புள்ளையா?"

மகள் புதுப் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். பத்திரத்தை எடுத்து மறுநாளுக்கான பையில் வைத்தேன்.

வியாழன் காலை பத்திரத்தைக் கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. அவன் முழுக்கப் படித்தான். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான். பாங் கிடையாது. காரில் நாற்பது நிமிடம் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம். கவுண்டரில் எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று பத்து.

அரபி எனக்குப் பேச வராது, கேட்டால் புரியும். அதிகாரி என்னைக் காட்டி, "இவர் ஹிந்தியா?" என்று கேட்டார். இந்தியரா என்று அர்த்தம்.

"இல்லை. மலேசியர்."

"பத்திரத்தில் இந்தியா என்று இருக்கிறதே?"

"அது வம்சம். நாடு இல்லை."

"உன் பத்திரத்தில் என்ன இருக்கிறது?"

"மலாய் என்று இருக்கும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "உன் தாத்தா எந்த ஊர்?"

இவன் பொய் சொல்லலாம், கோபித்துக்கொண்டு எழுந்தும் போகலாம். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜாவா," என்றான்.

"அப்படியானால் உனக்கு ஏன் ஜாவா என்று எழுதவில்லை?"

வாழ்நாள் முழுக்க யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி. கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டுவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது. அவன் காது மடல் சிவந்திருந்தது.

"அது எழுதியவர்களுக்குத்தான் தெரியும்," என்றான் கடைசியில். "இவர் என் நாட்டுக்காரர். அது எனக்குத் தெரியும்."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். இவர்கள் மலேசியர்கள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அவன் இரண்டு வரி எழுதினான். முத்திரை விழுந்தது. தாளின் நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த நகலை அவனிடம் நீட்டினேன். அரபி எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. "ஒரு வரி போதும் என்றாரே, இரண்டாவது என்ன? படி," என்றேன்.

அவன் மலாயில் படித்தான். "இந்தக் குழந்தையும் இவள் தாய் தகப்பனும் மலேசியர்கள். திரும்பிப் போவதற்கு இவர்களுக்கு வேறு நாடு இல்லை."

திரும்பிப் போவதற்கு அவன் சொன்ன சொல் பாலிக். கேண்டீனில் சொன்ன அதே பாலிக்.

"இன்னொரு தடவை படி," என்றேன். காதில் விழாமல் இல்லை.

அவன் படித்தான்.