சியாமளாவின் இரண்டாவது பதில்

புனே பக்கத்து ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில், பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் சியாமளாவுக்குப் பத்திரிகைக்காரர்களைச் சமாளிக்கிற வேலை. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தபோது அவளுக்கு மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அவளுக்கு முன்னால் இருந்தவர் இங்கிலீஷ் பேப்பர்களுக்கு மட்டும் போன் போட்டுவிட்டு, மராத்திக்காரர்களை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, அவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர். அதனால் அவள் கம்பெனி பஸ்ஸில் மராத்திப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தே மொழியைப் பிடித்தாள்.

செய்திக் குறிப்போடு மிட்டாய் டப்பா அனுப்பும் வழக்கத்தை நிறுத்தினாள். எழுதியதை அச்சுக்கு முன் காட்டுங்கள் என்று யாரையும் நச்சரிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்பாள். சாயங்காலத்துக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்றால் சொல்லிவிடுவாள். இதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்கலாம். அந்தப் பேட்டையில் வேறு யார் செய்தார்கள்? அவள் சொன்னால் நிருபர்கள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள். அந்த வேலையில் அவள் சம்பாதித்தது அதுதான்.

2003 மழைக்காலத்தில் ஒரு காலை, தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பு வெடித்தது. மதியத்துக்குள் நிருபர்கள் கேட் வாசலில் கூடிவிட்டார்கள். மேலாளர் பாலசுப்ரமணியன் பக்கத்தில் நிற்க, சியாமளா பேசினாள். யாருக்காவது பலத்த அடியா என்று ஒருவர் கேட்டார்.

புனே தமிழர்களுக்கு ஒரு பழக்கம். காய்கறிக்காரர் எதிரிலும் சரி, வீட்டுக்காரர் எதிரிலும் சரி, ரகசியத்தைக் கூச்சமே இல்லாமல் தமிழில் பேசுவார்கள். வேறு யாருக்கும் புரியாது என்று ஒரு நினைப்பு. பாலசுப்ரமணியன் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"ஐசியூல ரெண்டு பேர் இருக்கறத சொல்லிடாதீங்கம்மா. லேசான காயம்னு முடிச்சுடுங்க."

"சரிங்க சார்" என்றாள் அவள். பயம்தான், வேறென்ன. மராத்தியில் லேசான காயம் என்றும் சொல்லிவிட்டாள். ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்.

மராத்திப் பேப்பர் ஒன்றின் புகைப்படக்காரன் காசிம் கேமராவை இறக்கினான். அவளிடம் அதுவரை மராத்தியில் மட்டுமே பேசியவன்.

"அக்கா, ரெண்டு பேரு ஐசியூல கெடக்காங்கன்னு இப்பந்தானே சார் சொன்னாவ?"

சுத்தமான திருநெல்வேலி மேலப்பாளையத் தமிழ். அவன் வாப்பா புனேயின் கேம்ப் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பது பிறகுதான் தெரிந்தது. பாலசுப்ரமணியன் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதையே மராத்தியில் கேட்டிருந்தால் அவள் மானம் அங்கேயே போயிருக்கும். எதற்காகத் தமிழில் கேட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவமானத்தில் காது சுட்டது.

நான் இப்போது சொன்னது தப்பு என்று மராத்தியில் ஆரம்பித்தாள். இரண்டு பேர் தீவிர சிகிச்சையில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குத் தகவல் போய்விட்டது, அடுப்பு ஏன் வெடித்தது என்று இன்னும் தெரியவில்லை என்றாள். நிருபர்கள் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்கள். ஒருவர் தலை நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. கம்பெனி மறைத்தது என்று யாரும் எழுதவில்லை. அடிபட்ட இருவரும் பிழைத்தார்கள், அவள் வேலையும் பிழைத்தது. பாலசுப்ரமணியன் மட்டும் அதன் பிறகு அவளிடம் தமிழ் பேசுவதில்லை. அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் இங்கிலீஷ்தான்.

அதை அவள் பொருட்படுத்தவில்லை. வலித்தது வேறு. வெகுநாள்வரை நிருபர்கள், அவள் எதைச் சொன்னாலும், "நிச்சயம்தானே மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்கள். நிச்சயம்தான் என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.