வியாழக்கிழமை அவர் சமையல்

இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்து என்னை ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வாசலில் இறக்கிவிட்டபோது நன்றாக விடிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்தேன். மூத்த மகள் பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு, இடது கையால் புத்தகங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. அதன் மேல் பற்பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"மீன் பொரிச்சேன்மா. எண்ண தெறிச்சிருச்சு."

"உன்ன யாரு பொரிக்கச் சொன்னா? ஃபிரிட்ஜ்ல சாம்பாரு இருந்துச்சே?"

சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த சின்னவள்தான் சொன்னாள். "அத்த போன் பண்ணாங்கம்மா. அப்பாவுக்குப் பழசச் சூடு பண்ணிக் குடுக்காத, வயசுப் பிள்ளதானே, புதுசா ஏதாச்சும் செஞ்சு குடுன்னு சொன்னாங்க."

அத்தை என்றால் என் கணவரின் அக்கா. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். என் மாமியாரும் அவரோடுதான் இருக்கிறார். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஆண்களுக்குப் பழையது வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சட்டம் பாலத்தைக் கடந்து என் சமையலறைக்கும் வந்துவிட்டது. பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம் கணினிச் சிப்புகளைச் சோதித்துவிட்டு வந்தாலும், உடுப்பு மாற்றுவதற்கு முன்னால் அரிசி கழுவுவேன். இரவு ஷிப்ட் என்றால் தூங்கவேண்டிய பகலில் குழம்பு வைப்பேன். அது என் உடம்பு. நானே வருத்திக்கொண்டேன், போகட்டும். ஆனால் இது என் மகளின் கை. எழுதுகிற கை. அந்த ஆண்டு அவளுக்குப் பள்ளியை முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வு.

கணவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"அவ பொரிக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்லதான். டிவியில பந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அவளே ஆசப்பட்டுச் செஞ்சா."

"ஆசப்பட்டா? சோதனை வெச்சிருக்கற பிள்ள, புத்தகத்த மூடி வெச்சிட்டு உங்களுக்கு மீன் பொரிக்கவா ஆசப்பட்டா?"

பற்பசை தடவியது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் மருந்து போட்டுத் துணி சுற்றினார், சில நாட்களுக்குப் பேனா பிடிக்க வேண்டாம் என்றார். திரும்பி வரும்போது அவள் என்னிடம், "அத்தகிட்ட சண்ட போடாதீங்கம்மா" என்றாள். சண்டை போடமாட்டேன் என்று சொன்னேன். சண்டை போடவும் இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். ஒரு வாரம் முழுவதும் இந்த வீட்டில் யார் என்ன சமைப்பது என்று இப்போதே முடிவு செய்யப்போகிறோம் என்றேன். ஞாயிறு ஒரு பெரிய சட்டி கோழிக் குழம்பு நான் வைப்பேன். அது திங்கட்கிழமைக்கும் சேர்த்து. ஃபிரிட்ஜில் வைத்துச் சுடவைத்துத்தான் சாப்பிடுவோம். செவ்வாய் நான். புதன் கடையில் வாங்குவோம், மீ கோரெங் நூடுல்ஸோ நாசி கண்டார் சோறோ பிள்ளைகள் இஷ்டம். வெள்ளி மரக்கறி, எப்போதும் போல நானே. சின்னவள் தினமும் தட்டு கழுவுவாள். மூத்தவள் சோதனை முடியும்வரை அடுப்புப் பக்கமே வரக்கூடாது. வியாழனும் சனியும் அப்பா.

"நானா? எனக்குச் சமைக்கத் தெரியாதுலா."

"நான் பொறக்கும்போதே கரண்டியோடயா பொறந்தேன்?"

சின்னவள் சிரித்துவிட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. "ஆபீஸ்ல நாள் பூரா நின்னுட்டு வரேன்" என்றார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்புகிற அலுவலகத்தில் அவருக்கு வேலை. "நானும் நின்னுட்டுத்தான் வரேன், உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு சாலை தள்ளி" என்றேன்.

யாரும் எங்கள் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று, அந்த வாரச் சமையல் பட்டியலை அப்படியே குடும்ப வாட்சப் குழுவில் நானே போட்டேன். பழைய குழம்பையும் மறைக்கவில்லை, அவர் பெயரையும் மறைக்கவில்லை. நாத்தனார் உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா இது? தம்பிய அடுப்படியில நிக்கவெச்சிட்டு அத ஊருக்கெல்லாம் வேற சொல்றியா?"

"ஊருக்கு இல்லக்கா. நம்ம குடும்பத்துக்குத்தான். இனிமே என் மகளுக்கு நீங்க போன் பண்ணிச் சமையல் சொல்ல வேணாம். தம்பிக்கே பண்ணுங்க."

முதல் சில வியாழக்கிழமைகள் சோறு குழைந்தது, பருப்பு அடிபிடித்தது. நான் எழுந்து போகவில்லை. போகாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. கரிகிற வாசனை வரும்போது கால் தானாகவே எழும். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் மாமியாரும் நாத்தனாரும் வந்து நின்றார்கள். அன்று எனக்கு விடுமுறை. காலை நீட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் கணவர், தோளில் துண்டோடு முட்டைக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். மாமியார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீ வீட்லதானே இருக்க? கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு மாமி. இன்னிக்கு வியாழக்கிழமை."

மாமியார் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போய்க் கரண்டியைப் பிடித்தார். கணவர் விடவில்லை. ஒரே கரண்டியைத் தாயும் மகனும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவர் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழவில்லை.

"அம்மா, விடுங்கம்மா, தேங்காப்பால் ஊத்திட்டேன், திரிஞ்சிடும்" என்றார் அவர்.

எனக்காக அவர் வீரமாக எதுவும் சொல்லவில்லை. குழம்பைப் பற்றிய கவலையில் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மாமியாரின் கை தளர்ந்தது. ஹாலுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என் மவன இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டியே."

"என்ன நெலம மாமி? சமைக்கறது கேவலமா? அப்ப இத்தன வருஷமா நீங்க செஞ்சதும் கேவலமா?"

நாத்தனார், "பெரியவங்ககிட்ட என்ன வாய் இது" என்றார். மாமியார் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவர் சாப்பிடவில்லை. தேநீர் மட்டும் குடித்தார். நாத்தனார் சாப்பிட்டார், உப்பு கம்மி என்றார். உண்மையிலேயே கம்மிதான்.

அதற்குப் பிறகும் ஒன்றும் நேராகிவிடவில்லை. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் யாரோ என் கணவரைச் "சமையல்கார அண்ணே" என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த வியாழக்கிழமை அடுக்களைப் பக்கமே போகாமல் பந்து பார்க்க உட்கார்ந்துவிட்டார். நானும் போகவில்லை. பிள்ளைகள் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார்கள். பெரியவள் மட்டும் கதவருகில் நின்று, "நான் வேணும்னா செய்யட்டாப்பா?" என்று கேட்டாள். கையில் அந்தத் தழும்பு அப்போது இன்னும் பழுப்பாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போய் அரிசி கழுவினார். அதன் பிறகு ஒரு வியாழக்கிழமையும் தப்பவில்லை.

மூத்த மகள் தேர்வை நன்றாகவே எழுதினாள். இப்போது ஜொகூரில் படிக்கிறாள். அங்கே வாடகை வீட்டில் கூட இருக்கிற பெண்களுக்கு அப்பாவின் நெத்திலிச் சம்பலைச் செய்து கொடுத்ததாகப் போனில் சொன்னாள். அம்மாவின் சம்பல் என்று சொல்லவில்லை. எனக்கு வருத்தமில்லை. கணவர்தான் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்றும் உறவினர் மத்தியில் நான் புருஷனை அடுக்களையில் தள்ளியவள்தான். அப்படியே இருக்கட்டும். மாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். செவ்வாயோ வெள்ளியோ பார்த்து வருகிறார். அவருக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை நான் மனசாரச் செய்து போடுகிறேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வியாழக்கிழமை மட்டும் வருவதில்லை. அவருக்காக நான் கிழமையை மாற்றவும் இல்லை.